பூச்சியத்தைத் தொட்டுவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உமது கடிதமும் தொட்டியின் படங்களும் வந்து சேர்ந்தன. பொசுபேற்றைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டேன் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர். நைத்திரேற்று மட்டும் லீற்றருக்கு 20 மில்லிகிராமில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, இன்னும் எவ்வளவு வினாகிரி ஊற்றலாம் என்று கேட்கிறீர். படங்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்த 20 பற்றிப் பயம் வரவில்லை. பூச்சியத்தைப் பற்றித்தான் வந்தது. மான்கொம்பு முருகைகள் வெளிறிவிட்டன. மணலின் மேல் மண்ணிறச் சளி படர்ந்து, அதற்குள் காற்றுக் குமிழ்கள் சிக்கி நிற்கின்றன. நத்தைகள் கண்ணாடியை விட்டு விழுந்து கிடக்கின்றன. அழுக்கேறிய தொட்டி இப்படி இருக்காது. இது பட்டினி கிடக்கிற தொட்டி.

இன்றைக்குச் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொசுபேற்றை இறக்கப் போட்ட இரும்பு ஒட்சைட்டு மணிகளின் உருளையைக் கழற்றி வையும். வினாகிரியை ஒரே நாளில் வெட்டாமல், சில நாளுக்கு ஒருமுறை பாதியாக்கிக்கொண்டு போய் நிறுத்தும். மீன்களுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை போடும் சாப்பாட்டை நாளுக்கு இரண்டு தரம் போடும். தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் தள்ளிப்போடும். விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வையும். இவ்வளவையும் செய்துவிட்டு மிச்சத்தை ஆறுதலாக வாசியும்.

முருகை ஒரு விலங்கு. அதன் தசைக்குள் கணக்கில்லாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து ஆக்கும் சீனியில்தான் முருகையின் சீவியத்தில் பெரும்பங்கு போகிறது. அந்தப் பாசிக்கு நைதரசனும் வேண்டும், பொசுபரசும் வேண்டும். ஒன்று தாராளமாக இருந்து மற்றது வற்றிப்போனால் என்ன நடக்கும் என்பதை 2013 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்க் வீடன்மானும் அவருடைய குழுவினரும் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' சஞ்சிகையில் எழுதினார்கள். நைத்திரேற்று கூடிய தண்ணீரில் பாசிகள் பெருகும். பெருகும் கலங்களுக்குப் போதிய பொசுபரசு கிடைக்காது. கலத்தின் மென்சவ்வைக் கட்டுவதற்குப் பொசுபரசு கொண்ட கொழுப்பு தேவை. அது போதாதபோது கந்தகம் கொண்ட கொழுப்பை வைத்துப் பாசி சமாளிக்கிறது. அப்படியான பாசியோடு வாழும் முருகை, சாதாரணமாகத் தாங்கக்கூடிய வெளிச்சத்திலும் வெப்பத்திலுமே வெளிறத் தொடங்கிவிடுகிறது. அதே ஆய்வுகூடம் 2017 இல் வெளியிட்ட வேலையில் இன்னொன்றும் தெரிந்தது: இரண்டு சத்தும் கூடுதலாக இருந்த தண்ணீரில் முருகைகளுக்குப் பெரிய கேடு வரவில்லை. நைத்திரேற்று கூடி, பொசுபேற்று இல்லாமல் போன தண்ணீரில்தான் அவை கெட்டன. உமது தொட்டி இன்று நிற்பது அந்த இடத்தில்.

நீர் இருப்பதோ வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மேல்தளத்தில். ஏப்ரல் வெக்கையில் உமது தண்ணீர் 30 பாகை செல்சியசுக்குப் போகாமல் தடுக்க மின்விசிறி மட்டும் காணாது. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் தன் தொட்டியைப் பட்டினி போட்டும் தப்பிவிடலாம், அவருடைய தண்ணீர் 25 பாகையில் இருக்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. வெப்பம் முருகையை ஏற்கனவே அதன் எல்லைக்குத் தள்ளி வைத்திருக்கிறது. ஆகவே கொழும்பில் தொட்டி வைத்திருக்கிறவர் பொசுபேற்றுப் பூச்சியத்துக்கு மற்றவர்களைவிடக் கூடப் பயப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்த 20. வினாகிரி ஊற்றுவது பற்றீரியாவுக்குக் காபன் கொடுப்பதற்கு. பற்றீரியா பெருகும்போது தன் உடம்பைக் கட்ட நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் தண்ணீரிலிருந்து எடுக்கும். ஸ்கிம்மர் அந்தப் பற்றீரியாவை நுரையோடு வெளியே தள்ளும். மூன்றில் ஒன்று தீர்ந்தாலும் இந்த வேலை நின்றுவிடும். உமது தொட்டியில் தீர்ந்தது பொசுபேற்று. அதனால்தான் வினாகிரியைக் கூட்டக் கூட்ட நைத்திரேற்று அசையாமல் நின்றது. பொசுபேற்றைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால், பற்றீரியாவும் பாசியும் முருகையும் மறுபடி நைத்திரேற்றை எடுக்கத் தொடங்கும். ஒன்றை இறக்குவதற்கு மற்றதை ஏற்ற வேண்டும் என்பதை முதலில் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை, செய்து பாரும்.

நைத்திரேற்று, பொசுபேற்று என்று சோடியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தொட்டிக்குள் இரண்டின் போக்கும் வேறு. மீன் கழிக்கும் அமோனியா நைத்திரைற்றாகி, பிறகு நைத்திரேற்றாகும். ஒட்சிசன் எட்டாத கல்லின் உட்பகுதியிலும் ஆழமான மணலிலும் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கும். அது தண்ணீரை விட்டுக் காற்றோடு போய்விடும். அதாவது நைதரசனுக்கு ஒரு வாசல் இருக்கிறது. பொசுபரசுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. சாப்பாட்டில் வந்த பொசுபரசை நாம் கையால் எடுத்து வெளியே போட்டால்தான் அது தொட்டியை விட்டுப் போகும்: வெட்டிய பாசியாக, ஸ்கிம்மர் கோப்பையின் கழிவாக, மாற்றிய தண்ணீராக. நாட்டிலும் இதுவே கதை. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971 இல் கண்டுபிடித்த பொசுபேற்றுப் பாறையைப் பெருமளவில் தோண்டி விற்கும் திட்டத்துக்கு எதிராக அந்த ஊர்க் கமக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. நைதரசன் உரத்தைக் காற்றிலிருந்து தொழிற்சாலையில் செய்யலாம். பொசுபரசைப் பாறையிலிருந்துதான் எடுக்க வேண்டும், எடுத்தது எடுத்ததுதான்.

தொட்டியிலும் பொசுபரசு கல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. முருகைக்கல்லும் முருகை மணலும் கல்சியம் காபனேற்று. பொசுபேற்று அதன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கூடும்போது கல் உறிஞ்சும், தண்ணீரில் குறையும்போது கல் விடும். பழைய தொட்டிக்காரர்கள் இரும்பு மணிகளைப் போட்டு இறக்கி, ஒரு கிழமையில் மறுபடி பழைய எண்ணைக் காண்பதற்கு இதுதான் காரணம். உமக்கு நடக்கப்போவது இதன் மறுபக்கம். நீர் அடுக்கியிருப்பது புதுக் காய்ந்த கல், அதில் பொசுபேற்று ஏறவே இல்லை. இன்று நீர் போடுவது நாளைக் காலையில் மானியில் தெரியாது. அது கல்லுக்குள் போயிருக்கும். சோர்ந்துபோய் ஒரேயடியாகக் கூடப் போட்டுவிட வேண்டாம். கல்லின் பசி தீரும்வரை தினமும் சின்ன அளவில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படிக் கொடுப்பது? சாப்பாட்டால் கொடுப்பதுதான் நல்லது, அதைத்தான் மேலே சொன்னேன். அது காணாவிட்டால், ஆய்வுகூடத் தரத்து மொனோ பொற்றாசியம் பொசுபேற்று வாங்கும். உரக்கடைச் சரக்கு வேண்டாம், அதில் வேறு உலோகங்களும் கலந்திருக்கும். 1.43 கிராமை ஒரு லீற்றர் சுத்தத் தண்ணீரில் கரைத்தால், ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஒரு மில்லிகிராம் பொசுபேற்று இருக்கும். மேல்தொட்டியும் கீழ்ச் சம்ப்பும் சேர்த்து 300 லீற்றர் என்று எழுதியிருந்தீர். அப்படியென்றால் 3 மில்லிலீற்றர் விட்டால் 0.01 ஏறும். நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம். முதல் மாதத்துக்கு 0.05 இலிருந்து 0.1 வரைக்குள் நிற்கட்டும். மண்ணிறச் சளி அடங்கி, கல்லில் சாதாரணப் பச்சைப் பாசி தலைகாட்டினால் அதைக் கண்டு பதற வேண்டாம். அது நல்ல சகுனம். பசித்த தொட்டியில் போட்டியில்லாமல் ஆண்ட அந்தச் சளிக்கு இப்போது போட்டி வந்துவிட்டது என்று பொருள்.

நீர் எழுதியிருந்த 16 க்கு 1 கணக்கைப் பற்றி. அல்பிரட் றெட்ஃபீல்ட் 1934 இல் கடலின் மிதவை உயிரிகளையும் கடல்நீரையும் ஒப்பிட்டு, நைதரசனும் பொசுபரசும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருப்பதைக் கண்டார். 16 க்கு 1 என்று இன்று சொல்லப்படும் அந்த விகிதம் அணுக்களின் எண்ணிக்கையில் உள்ளது. நீர் அளக்கும் மில்லிகிராமுக்கு மாற்றினால் நைத்திரேற்று 10, பொசுபேற்று 1 என்று வரும். அதை அப்படியே பிடித்தால் உமது 20 மில்லிகிராம் நைத்திரேற்றுக்குப் பொசுபேற்று 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் உமது மான்கொம்பு வளராது. மறுபக்கம், நைத்திரேற்று 5, பொசுபேற்று 0.05 என்று 100 க்கு 1 இல் நிற்கும் அருமையான தொட்டிகளை நான் கொழும்பிலேயே பார்க்கிறேன். றெட்ஃபீல்டின் எண் உயிர்களின் உடம்பைப் பற்றியது, தண்ணீரில் எவ்வளவு மிஞ்சி நிற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டும் தீராமல் இருக்கின்றனவா என்று பாரும், விகிதத்தைத் துரத்தப் போக வேண்டாம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உம்மிடம் இருக்கும் ஹன்னா மானியின் துல்லியம் 0.04 மில்லிகிராம் கூடக் குறைய. ஆகவே அது 0.00 என்று காட்டும்போது உண்மையில் 0.04 இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அந்த இரண்டுக்கும் இடையில்தான் உமது முருகையின் உயிர் இருக்கிறது. அதே நிறுவனத்தின் மற்ற மானி பொசுபரசை நூறுகோடியில் எத்தனை பங்கு என்று காட்டும். அதன் பிழை 5 பங்குதான். அந்த எண்ணை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் பொசுபேற்று மில்லிகிராமில் வரும். குப்பியில் கைரேகை இருக்கக் கூடாது, தூள் முழுதாகக் கரைய வேண்டும், பூச்சியம் வைக்கும்போதும் வாசிக்கும்போதும் குப்பி ஒரே பக்கமாக இருக்க வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் மருந்துப் பொட்டலங்கள் பழுதாகிவிடும், இறுக மூடிய டப்பாவில் வையும்.

நைத்திரேற்றிலும் இந்த அலகுக் குழப்பம் உண்டு. சில சோதனைப் பெட்டிகள் நைத்திரேற்றாகவே சொல்லும், சில அதிலுள்ள நைதரசனை மட்டும் சொல்லும். பின்னதை 4.43 ஆல் பெருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்திருந்தால் இது விளங்கும். குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நைதரசனாகச் சொன்னால் அதே அளவு 11 சொச்சம். தோட்டத்துக்கு இறைத்த உரமும் மலசலகூடக் குழியும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றை அந்த எல்லைக்கு மேலே கொண்டுபோய்விட்டன. 11 என்ற எண்ணைப் பார்த்துக் குறைவு என்று ஒருவர் நிம்மதியாகக் குடிக்கக்கூடும். உமது பெட்டியின் கையேட்டில் எந்த அலகு என்று இன்றே பாரும்.

இவ்வளவு எழுதியதால் பொசுபேற்று எவ்வளவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1979 இல் கின்சியும் டேவிசும் அவுஸ்திரேலியாவின் வன் ட்ரீ தீவில் ஒரு சிறு முருகைப்பாறைக்கு நைதரசனும் பொசுபரசும் ஊட்டிப் பார்த்ததை வெளியிட்டார்கள். பொசுபேற்று ஏறத்தாழ 0.19 மில்லிகிராமுக்கு ஏறியபோது பாறையில் சுண்ணம் படிவது பாதிக்கு மேல் குறைந்தது. அதே தீவில் 1993 இலிருந்து 1996 வரை நடந்த பெரிய பரிசோதனையில், பொசுபரசு கிடைத்த முருகைகள் நீளமாக வளர்ந்தன, ஆனால் எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைந்தது. கிளை சீக்கிரம் முறியும். ஆகவே மேல் எல்லை என்று ஒன்று உண்டு. 0.1 ஐத் தாண்டினால் கையை நிறுத்தும்.

முருகைக்குச் சத்து எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டால் நான் மீனைத்தான் காட்டுவேன். 1983 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் மேயர், ஷுல்ட்ஸ், ஹெல்ஃப்மன் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கரீபியன் கடலில் ஒரு வகை மீன்கள் இரவில் வெளியே மேய்ந்துவிட்டுப் பகல் முழுக்க முருகைகளுக்கு மேலே கூட்டமாய் இளைப்பாறும். அவற்றின் கழிவு விழுந்த முருகைகள், மீன் தங்காத முருகைகளைவிட வேகமாக வளர்ந்தன. சுற்றியுள்ள கடல்நீரில் சத்து அளக்கவே முடியாத அளவு குறைவாக இருந்தாலும், வாய்க்கு நேரே சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது. நாம் கடல்நீரின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மீன் கூட்டத்தை மறந்துவிட்டோம். உமது 300 லீற்றருக்குள் இரண்டு சின்ன மீன்கள் மட்டும். இன்னும் மூன்று நான்கு சேர்க்கலாம், நன்றாகச் சாப்பாடு போடலாம். நிறையச் சாப்பாடு உள்ளே போய், நிறையக் கழிவு வெளியே வரும் தொட்டிதான் எனக்குப் பிடித்த தொட்டி. குறைவாகப் போட்டுக் குறைவாக எடுப்பவர்களுடைய தண்ணீரும் அதே எண்ணைக் காட்டும், ஆனால் முருகையின் நிறத்தில் வித்தியாசம் தெரியும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர். வெள்ளவத்தைக் கரையிலேயே மொண்டுவிடலாமா என்று. வேண்டாம். கொழும்பின் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுபோகும் இரண்டு குழாய்களில் ஒன்று உமது வெள்ளவத்தையிலிருந்து போகிறது, மற்றது எங்கள் பக்கம் முகத்துவாரத்திலிருந்து. அங்கே கால்வாய், இங்கே களனி கங்கை. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது இந்தக் கரை முழுக்க ஒதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளை நீரும் பார்த்திருப்பீர். அந்தக் கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. கடல்நீர்தான் வேண்டுமென்றால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, மேற்குக் கடல் தெளிந்திருக்கும் மாதங்களில், வெளியே போகும் படகுக்காரரிடம் சொல்லி எடுப்பித்து, இருட்டில் சில வாரம் வைத்துவிட்டுப் பாவியும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அந்த வழியை விட்டுவிடும். பைப்புத் தண்ணீரை நேரே விட வேண்டாம். ஆர்.ஓ. கருவியில் வடித்து, அதில் உப்புக் கலந்தால்தான் நீர் என்ன ஊற்றுகிறீர் என்பது உமக்கே தெரியும்.

வினாகிரியை நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காபனைத் தின்று பெருகும் பற்றீரியா ஒட்சிசனையும் தின்னும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்துப் பாரும். பம்ப் நின்ற வெதுவெதுப்பான தண்ணீரில் ஒட்சிசன்தான் முதலில் தீரும். பற்றறியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இல்லாமல் இந்த ஊரில் வினாகிரி ஊற்றவே கூடாது என்பேன். அதை வாங்கி வைத்த பிறகு, நைத்திரேற்று உண்மையிலேயே கூடிப்போன ஒரு நாளில், மறுபடி பேசுவோம்.

இறந்த கிளைகளுக்குப் பதிலாக ஹிக்கடுவையிலிருந்து கொண்டுவந்து தர ஒருவர் இருக்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர். அவரிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிடும். கல்முருகைகள் நாட்டின் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சட்டத்தை விட்டுவிட்டாலும், 1998 வெப்பத்தில் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு வெளியே பார் ரீஃபிலும் ஆழங்குறைந்த இடத்து முருகைகளில் பெரும்பகுதி செத்துப்போனது. பார் ரீஃப் மெல்ல மெல்ல எழும்பி வந்தது, 2016 இல் மறுபடி வெளிறியது. அங்கே மிஞ்சியிருக்கும் ஒரு கிளைக்கு நம்முடைய எந்தத் தொட்டியும் ஈடில்லை. உமக்குக் கிளை வேண்டுமென்றால் என் தொட்டியில் வளர்ந்ததை வெட்டித் தருகிறேன், சளி அடங்கிய பிறகு.

சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு வாரும். நூறுகோடிப் பங்கு காட்டும் மானி என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, இரவலாகத் தருகிறேன். வரும்போது அந்த மண்ணிறச் சளியில் கொஞ்சத்தை ஒரு சிறு போத்தலில் தொட்டித் தண்ணீரோடு எடுத்து வாரும். எடுத்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும், சில வகைகளில் கடுமையான நஞ்சு உண்டு. நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். கண்ணீர்த்துளி வடிவில், கூர்முனையைச் சுற்றிச் சுழன்றால் அது ஒஸ்ட்ரியொப்சிஸ். இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், யூ.வி. விளக்கு அதைப் பிடிக்கும். முட்டை வடிவில் வழுக்கிக்கொண்டு போனால் அம்ஃபிடினியம். அது மணலை விட்டு எழும்பாது, விளக்கு வாங்கினால் காசு வீண். காலி வீதிக் கடையில் விலை கேட்டு வைத்திருக்கிறேன் என்று எழுதிய அந்த விளக்கை, இதைப் பார்க்கும்வரை வாங்க வேண்டாம்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனை அண்ணன்